தைத்த குழாயும் விரிந்த குழாயும்

மார்புக்கூட்டுக்குள் ஓடும் பெருந்தமனி பழுதானால் அதைச் சரிசெய்ய இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. மார்பைத் திறந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி, அந்த இடத்தில் பாலியெஸ்டர் துணிக்குழாய் ஒன்றைக் கையால் தைப்பது முதல் வழி. தொடைத் தமனி வழியாகச் சுருட்டிய குழாய் ஒன்றை மேலே அனுப்பி, பழுதான இடத்துக்குள் விரியவிடுவது அடுத்த வழி. முன்னதைத் திறந்த அறுவை என்கிறார்கள். பின்னது ஸ்டென்ட் கிராஃப்ட். நோயாளியின் வீட்டார் மருத்துவரிடம் முதலில் கேட்பது ‘இரண்டில் எது நல்லது?’ என்பதுதான். எந்த இடத்தில், எப்படிப்பட்ட தமனிச் சுவரில், எத்தனை ஆண்டு வாழ வேண்டியவருக்கு என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

இதயத்தின் இடது கீழறையில் கிளம்பும் பெருந்தமனி சிறிது தூரம் மேலேறி, மேல்மார்பில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. ஏறும் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 3 செ.மீ.; இறங்கும் பகுதி அதைவிடச் சற்றுக் குறுகல். மூன்று அடுக்குகளாலான அதன் சுவர் இரண்டு விதமாகக் கெடுகிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உப்புவது ஒரு விதம், இதுதான் வீக்கம். உள் அடுக்கு திடீரெனக் கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுவரையே இரண்டாகப் பிரிப்பது மற்றொரு விதம். மருத்துவர்கள் இதை டிசெக்‌ஷன் என்கிறார்கள், நாம் பிளவு என்று வைத்துக்கொள்ளலாம். வீக்கம் பெரும்பாலும் வலியே இல்லாமல் வளரும். பிளவோ நெஞ்சிலோ முதுகிலோ தாங்க முடியாத வலியாக வந்து இறங்கும். 1760 அக்டோபரில் இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் திடீரென இறந்தபோது, உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் ஏறு பெருந்தமனியில் கிழிசலையும் இதய உறைக்குள் தேங்கிய ரத்தத்தையும் கண்டு எழுதிவைத்தார். நோயை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த பிறகும், அதற்குக் கத்தி எடுக்க ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின.

அந்தத் துணிவு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, சிறுவயதில் தாயிடம் தையல் கற்றவர். 1950களின் தொடக்கத்தில் செயற்கைத் தமனி செய்ய நைலான் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோயிருந்ததால் டேக்ரான் என்ற புதிய பாலியெஸ்டர் துணியைக் கொடுத்தார்கள். மனைவியின் தையல் இயந்திரத்தில் அதைக் குழாயாகத் தைத்தார். உடல் அந்தத் துணியை வெறுக்கவில்லை. அதன் இழைகளுக்கு ஊடே திசு வளர்ந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்றும் பெருந்தமனி அறுவையில் தைக்கப்படுவது பெரும்பாலும் அதே டேக்ரான்தான். டிபேக்கியும் சக மருத்துவர் டென்டன் கூலியும் 1953இல் இறங்கு பெருந்தமனி வீக்கத்தை வெட்டி மாற்றினார்கள். 1954இல் பிளவுக்கு அறுவை செய்தார்கள். இதய-நுரையீரல் இயந்திரம் கைக்கு வந்ததும் 1956இல் ஏறு பெருந்தமனியையும், 1957இல் வளைவையும் மாற்றினார்கள். நான்கே ஆண்டுகளில் மார்புப் பெருந்தமனி முழுவதும் அறுவை மருத்துவரின் கைக்கு எட்டிவிட்டது. ஆனால் கை எட்டியதே தவிர, நோயாளிகள் பலர் மேசையிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் கால்களை அசைக்க முடியாதவர்களாக எழுந்தார்கள்.

மற்ற வழி உக்ரைனின் கார்கிவ் நகரில் தொடங்கியது. நிக்கோலாய் வோலோதோஸ் என்ற மருத்துவர், சுருளுலோகச் சட்டத்தில் துணியைப் பொருத்தி, உள்ளே போய்த் தானே விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும் குழாய் ஒன்றைத் தம் குழுவோடு உருவாக்கினார். 1987 மார்ச்சில், விபத்துக்குப் பின் மார்புப் பெருந்தமனியில் பொய்வீக்கம் உண்டாகியிருந்த ஒருவருக்கு அதைப் பொருத்தினார். ரஷ்ய மொழியில் வெளியான அந்தக் கட்டுரையை மேற்கு உலகம் அப்போது கவனிக்கவில்லை. அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990இல் வயிற்றுப் பெருந்தமனிக்குள் இதே முறையைச் செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் டேக் குழுவினர் 13 நோயாளிகளின் மார்புப் பெருந்தமனிக்குள் குழாய் விரித்ததை வெளியிட்டார்கள். மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் இப்போது வோலோதோஸின் பெயரை முதலிடத்தில் வைக்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த அங்கீகாரம் ஓரளவு வந்து சேர்ந்தது என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

இனி இரண்டையும் இடம் இடமாக வைத்துப் பார்க்கலாம்.

ஏறு பெருந்தமனியில் போட்டியே இல்லை. அங்கே தையல்தான். விரியும் குழாய்க்கு இரு முனையிலும் பிடித்து நிற்க ஏறத்தாழ 2 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். ஏறு பெருந்தமனியின் அடியில் இதய வால்வும் இதயத்துக்கே ரத்தம் தரும் இரண்டு தமனிகளின் வாய்களும் இருக்கின்றன. மேல் முனையில் மூளைக்குப் போகும் கிளைகள் பிரிகின்றன. நடுவே கிடைக்கும் இடமும் வளைந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முறுக்கி நீள்வது. பிளவு இங்கே நேர்ந்தால் அதை ஏ வகை என்கிறார்கள். அது இதய உறைக்குள் வெடிக்கலாம், வால்வைக் கசியவைக்கலாம், இதயத் தமனியை அடைக்கலாம். அறுவை இல்லாவிட்டால் முதல் 48 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 1 முதல் 2 சதவீதம் பேர் இறப்பார்கள் என்பது பழைய கணக்கு. இன்றைய தீவிர சிகிச்சையில் அந்த விகிதம் குறைந்திருக்கிறது என்றாலும் அவசரம் குறையவில்லை. 1996இல் தொடங்கிய பன்னாட்டுப் பிளவுப் பதிவேடு 2000இல் வெளியிட்ட முதல் அறிக்கையில், ஏ வகைக்கு அறுவை செய்யப்பட்டவர்களில் 26 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 58 சதவீதம். அடுத்து வந்த ஆண்டுகளில் அறுவைக்குப் பிந்திய இறப்பு 18 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

இதே இடத்தில், இதே தையலை, பிளவதற்கு முன்பே திட்டமிட்டுச் செய்தால் என்ன ஆகும்? மார்ஃபன் நோயாளிகளின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உடலின் இணைப்புத் திசுவே பிறப்பிலிருந்து பலவீனமான இவர்களுக்குப் பெருந்தமனியின் வேர்ப்பகுதி இளமையிலேயே உப்பும். இந்த அறுவைகள் பரவுவதற்கு முன் எடுத்த கணக்கில் அவர்கள் சராசரியாக 32 வயதில் இறந்தார்கள். லண்டனின் ஹியூ பென்டால் 1968இல் வால்வையும் குழாயையும் ஒன்றாக வைத்து வேரை மாற்றும் முறையை வெளியிட்டார். 1999இல் பத்து மருத்துவமனைகளிலிருந்து 675 மார்ஃபன் நோயாளிகளின் வேர் அறுவை முடிவுகள் தொகுக்கப்பட்டன. திட்டமிட்ட அறுவையில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.5 சதவீதம், அவசர அறுவையில் 11.7 சதவீதம். செய்தவர்களும் முறையும் ஒன்றுதான். வேறுபட்டது நாள் மட்டுமே. தையலா ஸ்டென்ட்டா என்ற வாதத்தில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையாவது ‘எப்போது’ என்பதில் காட்டினால் இன்னும் பல உயிர்கள் மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ‘எப்போது’ எளிதான கேள்வி அல்ல. ஏறு பெருந்தமனி 5.5 செ.மீ. தொட்டால் அறுவை என்பது நெடுநாள் வழக்கம். யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் எலிஃப்டெரியாடெஸ் குழுவினர் நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து அளந்து, 6 செ.மீ. அருகே ஆபத்து சட்டென்று எகிறுவதைக் காட்டியதால் வந்த வரம்பு அது. ஆனால் பிளவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பதிவேட்டில் அளந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களின் விட்டம் 5.5க்குக் கீழேதான் இருந்தது. 2022இல் அமெரிக்க வழிகாட்டுதல், அனுபவமிக்க மையங்களில் 5 செ.மீ.யிலேயே அறுவை செய்யலாம் என்று இடம் கொடுத்தது. மார்ஃபன், லோயிஸ்-டீட்ஸ் போன்ற பரம்பரை நோய்களில் வரம்பு இன்னும் கீழே.

டிபேக்கியின் சொந்தக் கதையும் இந்த இடத்தைச் சேர்ந்தது. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே ஏறு பெருந்தமனி பிளந்தது. தாம் வகுத்துத் தந்த நோய் தமக்கே வந்திருப்பதை வலி வந்த கணத்திலேயே அவர் உணர்ந்தார். அறுவை வேண்டாம் என்றார். வாரங்கள் போகப் போகத் தமனி உப்பிக்கொண்டே வந்தது, அவர் நினைவிழந்தார். மயக்க மருத்துவர்கள் சிலர் தயங்கினார்கள், மருத்துவமனையின் அறநெறிக் குழு கூடியது. 2006 பிப்ரவரியில், அவருடைய நீண்டகாலக் கூட்டாளி ஜார்ஜ் நூன் சுமார் ஏழு மணி நேரம் அறுவை செய்து டேக்ரான் குழாயைத் தைத்தார். பல மாத மருத்துவமனை வாசத்துக்குப் பின் எழுந்து நடமாடிய டிபேக்கி 2008 ஜூலையில், நூறு வயதை எட்ட இரண்டு மாதமே இருக்கையில் காலமானார். அறுவை செய்தது சரி என்று பின்னர் அவரே சொன்னார். ஸ்டென்ட் முறை அப்போது நன்கு வளர்ந்திருந்தது. ஆனால் அவருடைய பிளவு அதற்கு எட்டாத இடத்தில் இருந்தது.

இறங்கு பெருந்தமனிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நேரான ஓட்டம், பெரிய கிளைகள் குறைவு, இரு முனையிலும் பிடிமானம். விரியும் குழாய்க்கு இதைவிட வசதியான இடம் உடலில் இல்லை. தையலுக்கோ இது கடினமான இடம்: இடது மார்பைப் பக்கவாட்டில் நீளமாகத் திறக்க வேண்டும், ஒரு நுரையீரலைச் சுருக்க வேண்டும், பெருந்தமனியையே இடுக்கியால் மூட வேண்டும். அமெரிக்காவில் 2005இல் முதல் மார்பு ஸ்டென்ட் கிராஃப்ட்டுக்கு ஒப்புதல் கிடைக்கக் காரணமான ஆய்வு, 140 பேரின் ஸ்டென்ட் முடிவுகளை 94 பேரின் திறந்த அறுவை முடிவுகளோடு ஒப்பிட்டது. 30 நாள் இறப்பு ஸ்டென்ட்டில் 2.1 சதவீதம், திறந்த அறுவையில் 11.7. தண்டுவடப் பாதிப்பு 3 சதவீதம், எதிரே 14. மூளைப் பக்கவாதம் மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ 4 சதவீதம். வளைவுக்குள் கம்பியைச் செலுத்தும்போது சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் பெயர்வது ஸ்டென்ட்டின் தீராத அபாயம்.

இந்த எண்களோடு நிறுத்தினால் வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உயிரோடு இருந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 68 சதவீதம், திறந்த அறுவைக் குழுவில் 67. தொடக்கத்தில் கிடைத்த பெரிய முன்னிலை மொத்த வாழ்நாள் கணக்கில் கரைந்துபோயிருந்தது. பெருந்தமனி சார்ந்த இறப்பில் மட்டும் ஸ்டென்ட்டின் முன்னிலை நிலைத்தது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 2011இல் வந்த பெரிய ஆய்வில், வெடிக்காத வீக்கங்களுக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு திறந்த அறுவையில் 72 சதவீதம், ஸ்டென்ட்டில் 62. இதை வைத்து ஸ்டென்ட் ஆயுளைக் குறைக்கிறது என்று சொல்லக்கூடாது. யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகள் அல்ல இவை. மார்பைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்டிருக்கக்கூடிய முதியவர்கள், நுரையீரல் நோயாளிகள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஸ்டென்ட்டின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் பெருந்தமனியால் இறந்திருக்க மாட்டார்கள். தங்களுடைய மற்ற நோய்களால் இறந்திருப்பார்கள். வீக்கம் வெடித்து வந்தவர்களிடையே மட்டும், சிகிச்சையை ஒட்டிய நாட்களின் இறப்பில், ஸ்டென்ட்டின் நன்மை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

எனக்கு இந்த இரு வழிகளின் வேறுபாடு, விலையை எப்போது கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. திறந்த அறுவை விலையை முதல் மாதத்திலேயே ரொக்கமாக வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டியவருக்குத் தைத்த இடம் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் தொல்லை தருவதில்லை. ஸ்டென்ட் முன்பணம் குறைவாக வாங்கிக்கொண்டு தவணையில் வசூலிக்கிறது. குழாயின் முனையில் கசிவு வரலாம், குழாய் இடம் நகரலாம், மேலும் கீழும் உள்ள தமனி புதிதாக உப்பலாம். அதனால் முதல் மாதம், பிறகு ஓராண்டு, அதன்பின் ஆண்டுதோறும் என சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இரண்டாவது குழாய் தேவைப்படுகிறது. தையலும் தவணையே இல்லாதது அன்று. உலோக வால்வு வைத்து வேரை மாற்றியவர் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் டொரன்டோவின் டைரோன் டேவிட் போன்றவர்கள் நோயாளியின் சொந்த வால்வைக் காப்பாற்றி, சுற்றியுள்ள சுவரை மட்டும் மாற்றும் முறையை 1990களில் கொண்டுவந்தார்கள். ஏ வகைப் பிளவில் ஏறு பகுதியை மாற்றிய பிறகும் கீழே பிளந்த சுவர் அப்படியே இருக்கும். அதையும் ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும்.

இரண்டு வழிகளும் சமமாக அஞ்சும் உறுப்பு தண்டுவடம். இறங்கு பெருந்தமனியிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையே சோடி சோடியாகச் சிறு தமனிகள் பிரிகின்றன. அவற்றிலிருந்து தண்டுவடத்துக்கு ரத்தம் போகிறது. அவற்றுள் பெரியது பெரும்பாலும் இடப்பக்கம் நடு முதுகின் கீழ்ப்பகுதியில் புறப்படுகிறது. போலந்து மருத்துவர் ஆடம்கீவிச்சின் பெயரால் அதை அழைக்கிறார்கள். பெருந்தமனியை இடுக்கியால் மூடினால் இந்த ஓட்டம் நிற்கும். ஹூஸ்டனின் ஸ்டான்லி கிராஃபோர்ட், மார்பிலிருந்து வயிறு வரை நீளும் வீக்கங்களுக்கு 1960 முதல் 1991 வரை அறுவை செய்த 1,509 நோயாளிகளின் கணக்கு 1993இல் வெளியானது. அவர்களில் 16 சதவீதம் பேருக்குக் கால்கள் முழுமையாகவோ பகுதியாகவோ செயலிழந்தன. மிக நீண்ட வீக்கங்களில் அது 31 சதவீதம். உலகின் மிகத் தேர்ந்த கைகளில் கிடைத்த முடிவு இது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போனவர் கால்களின் பலத்தை இழக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று.

அந்த எண்ணைக் குறைக்க மூன்று பத்தாண்டுகள் உழைத்தார்கள். இதயத்தின் இடப்புறத்திலிருந்து ரத்தத்தை எடுத்து இடுக்கிக்குக் கீழே பம்ப் செய்தார்கள். உடலைக் குளிரவைத்தார்கள். பெரிய விலாவிடைத் தமனிகளைப் புதிய குழாயில் மீண்டும் தைத்தார்கள். முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவடத் திரவத்தை மெல்ல வடித்தார்கள்; சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால் குறைவான ரத்தமும் உள்ளே நுழைய முடியும் என்பது எண்ணம். ஜோசப் கொசெல்லி குழுவினர் 2002இல் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள்: திரவம் வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கால் செயலிழப்பு, வடித்தவர்களில் 2.6. அதே குழு 2016இல் 3,309 அறுவைகளின் கணக்கை வெளியிட்டபோது நிரந்தரமாக இரு கால்களும் செயலிழந்தவர்கள் 2.9 சதவீதம். கிராஃபோர்டின் ஊரிலேயே, அவருடைய மாணவரான கொசெல்லியின் கையில், இந்த மாற்றம் நடந்தது.

ஸ்டென்ட் வந்தபோது பலர் அஞ்சியதும் இதனால்தான். தையல்காரராவது விலாவிடைத் தமனிகளைத் திரும்ப இணைக்கலாம். விரிந்த குழாய் அவற்றின் வாய்களை நிரந்தரமாக மூடிவிடுகிறது, திரும்ப இணைக்க வழியே இல்லை. அப்படியானால் கால் செயலிழப்பு அதிகரித்திருக்க வேண்டும். ஆனால் குறைந்தது. இந்த முரண், தண்டுவடத்தைப் பற்றிய பழைய படத்தையே மாற்றியது. நியூயார்க்கின் ராண்டல் கிரிப் குழுவினர் பன்றிகளில் செய்த ஆய்வுகளில், தண்டுவடம் ஒரே ஒரு பெரிய தமனியை நம்பியிராமல் முதுகுத் தசைகளுக்குள்ளும் எலும்பைச் சுற்றியும் பின்னிய ஒரு வலையிலிருந்து ரத்தம் பெறுவதைக் கண்டார்கள். மேலே தோள்பட்டைத் தமனியும் கீழே இடுப்புத் தமனியும் அந்த வலைக்கு உதவுகின்றன. சில கிளைகள் மூடினாலும் ரத்த அழுத்தம் நன்றாக இருந்தால் வலை தாக்குப்பிடிக்கும். சில நாட்களில் பருத்து இழப்பை ஈடுசெய்யும். ஸ்டென்ட்டில் பெருந்தமனி முழுவதுமாக மூடப்படுவதில்லை, அழுத்தம் சரிவதும் இல்லை. அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ஆபத்து தாமதமாகவும் வரலாம்: நன்றாகக் கால் அசைத்தவருக்கு இரண்டாம் நாள் அழுத்தம் குறைந்ததும் கால் மரத்துப்போகும். உடனே அழுத்தத்தை உயர்த்தி, திரவத்தை வடித்தால் பலருக்குத் திரும்பும். அதனால்தான் ஸ்டென்ட் வைத்த பிறகு செவிலியர் மணிக்கொரு முறை ‘காலைத் தூக்குங்க’ என்று கேட்கிறார். இந்தப் புதிய படத்தின் பயன் இன்று தையல் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீண்ட வீக்கங்களை ஒரே நாளில் முடிக்காமல் இடைவெளி விட்டு இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். ஒப்பீட்டின் மிகப் பெரிய பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விபத்துக் காயங்களில் ஸ்டென்ட்டின் வெற்றி முழுமையானது. வேகமாக ஓடும் வண்டி மோதி நிற்கும்போது, அசையக்கூடிய வளைவும் முதுகெலும்போடு ஒட்டிய இறங்கு பகுதியும் சேரும் இடத்தில் தமனி கிழிகிறது. பெரும்பாலோர் மருத்துவமனையை எட்டுவதே இல்லை. எட்டியவர்களுக்கும் மண்டையிலும் ஈரலிலும் காயம் இருக்கும். மார்பைத் திறந்து, ரத்தம் உறையாமல் மருந்து கொடுப்பது அவர்களுக்கு இரண்டாவது விபத்து. அமெரிக்க விபத்து அறுவைச் சங்கத்தின் 2008 ஆய்வில் இறப்பு ஸ்டென்ட்டில் 7.2 சதவீதம், திறந்த அறுவையில் 23.5. ஆனால் இந்த நோயாளிகள் பெரும்பாலும் இளைஞர்கள். இருபது வயதில் விரித்த குழாய் ஐம்பது ஆண்டுகள் தாங்குமா என்று சொல்ல, இந்தச் சிகிச்சை முறைக்கே இன்னும் அந்த வயது ஆகவில்லை.

இறங்கு பகுதிப் பிளவில், அதாவது பி வகையில், மருந்தும் மூன்றாவதாக வந்து நிற்கிறது. இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கினால் கிழிசல் பரவாது என்று மைரன் வீட் 1965இல் காட்டினார். அந்த வழிமுறை இன்றும் முதல் படி. குடலுக்கோ காலுக்கோ ரத்தம் தடைப்பட்டால், அல்லது வெடிக்கும் நிலை வந்தால் ஸ்டென்ட். சிக்கல் இல்லாதவர்களுக்கும் ஸ்டென்ட் வேண்டுமா? ஐரோப்பாவில் 140 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வில் இரண்டாண்டு முடிவில் ஸ்டென்ட்டால் பயன் தெரியவில்லை. ஐந்தாண்டு முடிவில், பெருந்தமனி சார்ந்த இறப்பு மருந்து மட்டும் பெற்றவர்களில் 19.3 சதவீதம், ஸ்டென்ட்டும் பெற்றவர்களில் 6.9. எப்போது எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறுவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வளைவில்தான் இரு வழிகளும் கைகோக்கின்றன. மூளைக்குப் போகும் கிளைகள் இங்கிருந்து பிரிவதால், 1975இல் கிரிப் உடலை ஆழக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தி நான்கு நோயாளிகளுக்கு வளைவை மாற்றினார். 1983இல் ஜெர்மனியின் ஹன்ஸ் போர்ஸ்ட், வளைவைத் தைக்கும்போது குழாயின் ஒரு முனையை இறங்கு பகுதிக்குள் தொங்கவிட்டார், அடுத்த அறுவையில் அதைப் பிடித்துத் தொடர வசதியாக. யானைத் துதிக்கை என்று அதற்குப் பெயர் வந்தது. இப்போது அந்தத் தொங்கும் முனை உலோகச் சட்டமுள்ள ஸ்டென்ட்டாகவே வருகிறது: மேல்பாதியைக் கையால் தைத்து, கீழ்ப்பாதியை உள்ளே விரித்துவிடுகிறார்கள். டிபேக்கியின் தையலும் வோலோதோஸின் சுருளும் ஒரே குழாயில்.

நம் நாட்டுக்கு இந்தக் கணக்குகளை அப்படியே கொண்டுவர முடியாது. ஒப்புதல் ஆய்வில் இருந்தவர்கள் எழுபது வயதை ஒட்டியவர்கள், கொழுப்புப் படிந்த தமனியோடு வந்தவர்கள். இங்கே நாற்பதுக்குக் கீழே உள்ள பெண்களைத் தாக்கும் தகயாசு தமனி அழற்சி மேற்கு நாடுகளைவிட அதிகம். அழற்சி அடங்காத சுவரில் தைத்தாலும் பிய்யும், விரித்தாலும் விளிம்பில் மீண்டும் உப்பும். முதலில் மருந்தால் அழற்சியைத் தணிக்க வேண்டும். மார்ஃபன் இளைஞர்களுக்கு விரியும் குழாய் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பலவீனமான சுவரை அதன் விசை மேலும் தள்ளும். குழாயின் விலையே பல லட்சம் ரூபாய் ஆகிறது, அதற்குப் பின் ஆண்டுதோறும் ஸ்கேன். ஊரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஸ்கேன் எடுத்துக் காட்ட முடியாத முப்பது வயதுக்காரருக்கு, தாங்கும் உடல் இருந்தால், தேர்ந்த கைகளில் திறந்த அறுவையே மேல் என்று நான் கருதுகிறேன். எழுபத்தைந்து வயதில், புகையால் நுரையீரல் தேய்ந்தவருக்கு அதே வாதம் பொருந்தாது. இங்கே இந்த அறுவைகளைச் செய்யும் மையங்கள் 30 நாள் முடிவோடு நிறுத்தாமல், பத்தாண்டு கழித்து எத்தனை பேர் ஸ்கேனுக்குத் திரும்பி வந்தார்கள், வராதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். தவணையைக் கட்ட முடியாமல் போனவர்களின் கணக்கு வெளிவரும் வரை, இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு வெளிநாட்டு எண்களை வைத்தே நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.